சாதிக்கு எதிராகச் சபை எடுக்கும் உறுதிமொழியில் எதை எழுதுவது?

வள்ளியாறு | ஞாயிறு, இரவு 9.10

கல்குளம் வட்டத்தில் ஒரு தென்னிந்தியத் திருச்சபைச் சேகரம் எங்களுடையது. சாலையோரம் தலைமைச் சபை, உள்ளே மூன்று கிளைச் சபைகள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் சபைப் பிள்ளைகள் சிலர், அங்கே தாங்கள் போகும் சபை இனவெறிக்கு எதிராக எடுத்த உறுதிமொழியின் நகலைப் போதகருக்கு அனுப்பியிருந்தார்கள். அது அவர் மனதில் தைத்துவிட்டது. நம் சபையும் சாதிக்கு எதிராக இப்படி ஒன்றை எடுக்க வேண்டும், அறுப்பின் பண்டிகை ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும், ஆலயத்தில் கல்வெட்டாகவும் வைக்க வேண்டும் என்று சேகரக் குழுவில் சொன்னார். வரைவு எழுத ஐந்து பேரை நியமித்தார்கள். அதில் நானும் ஒருத்தி.

முதல் வரைவு கைக்கு வந்திருக்கிறது. நிறம், இனம், மொழி, பிறப்பு ஆகிய எந்த வேறுபாடும் கிறிஸ்துவுக்குள் இல்லை என்று தொடங்குகிறது. 'சாதி' கடைசி வரியில்தான் வருகிறது. படித்தால் யார் மனதும் நோகாது, யாருடைய பதவியும் போகாது. இதை எழுந்து நின்று வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் கிளைச் சபைகளில் ஒன்று மலையடிவாரத்தில், சாம்பவர் என்ற தலித் சமுதாயத்தாரின் குடியிருப்பில் இருக்கிறது. தலைமைச் சபையில் மாதம் தவறாமல் ஞாயிறு காலைத் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) நடக்கும். அங்கே போதகர் போவது மதியத்துக்கு மேல். அதுவும் பல மாதங்களில் தள்ளிப்போகும். சேகரக் குழுவில் அந்தச் சபையிலிருந்து ஒருவர்கூட இல்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விதி அப்படி. சந்தா பாக்கி வைத்தவர் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு மழைக்காலம் முழுக்க வேலை கிடையாது. பாக்கி விழாமல் எப்படி இருக்கும்? தேர்தல் பட்டியலை ஆலயக் கதவில் ஒட்டும்போது அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குப் பெயர் இருக்காது. பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று செயலாளர் மரியாதையாகத்தான் சொல்வார்.

இந்த மாதிரி விஷயங்களைத்தான் உறுதிமொழியில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் சபைகளில் இப்படி எதையாவது எடுத்திருக்கிறீர்களா? எதை எழுதினீர்கள், எது நடந்தது, எது காகிதத்தோடு நின்றுபோனது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.


மயிலாடிக் கல் | ஞாயிறு, இரவு 10.32

நல்ல காரியம் தொடங்கியிருக்கிறீர்கள் அம்மா. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், முகவுரையில் சேர்க்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் சீர்திருத்தச் சபை தொடங்கியது யாரால்? தஞ்சாவூருக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய மயிலாடி வேதமாணிக்கத்தால். அவர் சாம்பவர். அவர் அழைத்ததால்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் கால்வைத்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. பிறகு வந்த பத்தாண்டுகளில் நாடார் மக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், எண்ணிக்கையும் நிர்வாகமும் அவர்கள் பக்கம் வந்தன. நானும் அந்தச் சமுதாயத்தில் பிறந்தவன்தான். நூறாண்டு கழித்து, 1907இல், மிசௌரி லுத்தரன் மிஷன் நாகர்கோவிலில் வேலை தொடங்கியது. அவர்களை அழைத்தவர்கள் யார் என்று பாருங்கள்: சாம்பவர் கிறிஸ்தவர்கள். வாசலைத் திறந்துவிட்டவரின் மக்களே நூறாண்டில் வேறு வாசல் தேடிப் போக வேண்டியதாயிற்று.

முகவுரையில் கலாத்தியர் 3:28 இருக்கட்டும். அதோடு இதையும் எழுதுங்கள். யாருடைய கையால் சுவிசேஷம் நமக்கு வந்தது என்பதைப் பெயர் சொல்லி எழுதினால், மலையடிவாரத்துப் பிள்ளைகள் அந்த வாசிப்பில் தலைநிமிர்ந்து நிற்பார்கள்.


குழித்துறைக்காரன் | திங்கள், காலை 6.45

வள்ளியாறு அக்கா, நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மனது சுத்தம், எனக்குத் தெரியும். ஆனால் காலம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஜெபக்கூட்டத்துக்குக்கூட அனுமதி கேட்டு அலைகிறோம். சபையே எழுந்து நின்று, எங்களுக்குள் சாதி இருக்கிறது என்று அறிக்கை வாசித்தால் நாளைக்கு அதை யார் கையில் எடுப்பார்கள்? மதம் மாறியும் சாதி போகவில்லையே என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு நாமே எழுதிக் கொடுப்பதாகிவிடாதா?

இன்னொன்று. அமெரிக்காவில் கறுப்பு மனிதரைக் கப்பலில் ஏற்றி விற்றார்கள். அந்தப் பாவம் அவர்களுடையது, பரிகாரமும் அவர்களுடையது. நம் தாத்தா பாட்டிமார் யாரையும் விற்கவில்லை. அவர்களே முலைக்கச்சு போட உரிமையில்லாமல் அடிபட்டவர்கள். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கு இரண்டு மாநில முதல்வர்களும் வந்தார்களே, அந்த வரலாறு நம்முடையதுதானே? ஒடுக்கப்பட்டவனிடம் போய் ஒடுக்கியதற்கு அறிக்கையிடு என்றால் எப்படி?


ஆரல்காற்று | திங்கள், மதியம் 1.20

குழித்துறை அண்ணாச்சி, நான் சாம்பவர் வீட்டுப் பையன். தோவாளைப் பக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

திருவிதாங்கூரில் மனிதரை விற்றார்கள், வாங்கினார்கள். புலையரும் பறையரும் குறவரும் நிலத்தோடு சேர்த்து விலைபோனவர்கள். அடிமைமுறையை முழுமையாக ஒழித்து அரசு அறிவித்தது 1855இல்தான். அமெரிக்காவில் 1865. பத்தே ஆண்டு வித்தியாசம். நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னலில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். தோள்சீலை வரலாற்றை உங்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. உங்கள் பாட்டி அடிபட்ட அதே ஊரில் என் பாட்டியும் அடிபட்டாள். 1859 ஜூலையில் ராஜா விட்ட அறிவிப்பு எப்படி இருந்தது? நாடார் பெண்கள் உடம்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக்கூடாது என்பதுதானே? பாதி கொடுத்தான், மீதிக்கு ஒரு கோடு போட்டான். அந்தக் கோட்டின் வலி தெரிந்த சமுதாயம் சபைக்குள் இன்னொரு கோட்டை ஏன் போட வேண்டும்? இதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. வாக்காளர் பட்டியலில் என் சித்தப்பா பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.


நாஞ்சில் நியூஜெர்சி | திங்கள், இரவு 11.58

நகல் அனுப்பியவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம் அக்கா. பல சபைகளிலிருந்து பல பேர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

2020 மே 25இல் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்றபிறகு, வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள சபைகள் வரிசையாக உறுதிமொழி எடுத்தன. எங்கள் சபையும் எடுத்தது. வாசலில் பெரிய பதாகை வைத்தோம், புத்தகம் படித்து விவாதிக்கும் குழுக்கள் தொடங்கினோம். முதல் வருஷம் நல்ல உற்சாகம். ஆனால் நிலைத்தது எது தெரியுமா? சபையின் விதிப்புத்தகத்தில் ஏறிய மூன்று காரியங்கள் மட்டும். சபை எங்கே பணம் செலவிடுகிறது, யாரிடம் பொருள் வாங்குகிறது, யாரை வேலைக்கு வைக்கிறது என்று வருஷாவருஷம் ஒரு குழு கணக்குப் பார்த்து ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்கு மேல் கறுப்பினத்தாரும் மற்ற நிறத்தாரும் இருக்க வேண்டும். அவர்கள் கேட்கிற கணக்கைப் பொருளாளர் மறுக்கக்கூடாது. பதாகை வெயிலில் நிறம் வெளுத்து இறங்கிவிட்டது. கணக்கு இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவருக்குக் கோபம் வருகிறது. அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

சந்தா பாக்கி விஷயத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தென்மாநிலங்களில் கறுப்பினத்தார் ஓட்டுப்போடாமல் தடுக்க வாக்குவரி என்று ஒன்று வைத்திருந்தார்கள். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. வரி கட்டினால் யாரும் ஓட்டுப்போடலாம். கட்ட முடியாதவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மத்தியத் தேர்தல்களில் அதை ஒழிக்க 1964இல் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது, மாநிலத் தேர்தல்களில் 1966இல் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. உங்கள் சேகரத்து விதி அதே வேலையைச் செய்கிறது. எழுதியவர்கள் அந்த நோக்கத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். விளைவு ஒன்றுதான்.

மயிலாடி ஐயா 1907 பற்றிச் சொன்னது எனக்குப் பிலடெல்பியாவை நினைவூட்டுகிறது. செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தாரை, இது உங்கள் இடமில்லை என்று பிடித்துத் தூக்கினார்கள். ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் மொத்தமாக வெளியேறினார்கள். 1816இல் அவர்களுக்கென்று தனிச் சபைப் பேரவை உருவானது. இருநூறு வருஷத்துக்குப் பிறகும் இங்கே ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாகவே இருக்கிறது. போனவர்கள் திரும்பி வருவதில்லை. உங்கள் மலையடிவாரத்துச் சபை இன்னும் உங்களோடு இருக்கிறது அக்கா. அது பெரிய காரியம்.


முட்டம் கலங்கரை | செவ்வாய், காலை 8.05

கத்தோலிக்கர் பேசலாமா? எங்கள் கதை கொஞ்சம் வேறு.

1544இல் புனித சவேரியார் இந்தக் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் முக்குவ மீனவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். நாங்கள் நானூற்று எண்பது வருஷக் கிறிஸ்தவர்கள். ஆனால் உள்நாட்டுக் கிறிஸ்தவர் வீட்டில் எங்கள் பெண்ணை எடுப்பார்களா? கல்லூரியில் என்னோடு படித்தவனே 'கடற்கரை ஆள்' என்று சொல்லும்போது குரல் மாறும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு ஏறிய மூதாட்டியை நாற்றமடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்களே, அந்தக் காணொளியை மாநிலமே பார்த்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆகவே உறுதிமொழி எழுதும்போது தலித் கிறிஸ்தவர் என்பதோடு கடற்கரை மக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. அவர்கள் பட்டது வேறு, நாங்கள் படுவது வேறு.

எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு நல்ல காரியம். 2022 மே 15இல் நட்டாலம் தேவசகாயத்தைத் திருத்தந்தை புனிதராக அறிவித்தபோது 'பிள்ளை' என்ற பின்னொட்டு இல்லாமல் அறிவித்தார். சாதிப் பட்டம் ஒரு மறைசாட்சியின் பெயரோடு பீடத்தில் ஏறக்கூடாது என்று இங்கிருந்து மனு போனது, வத்திக்கான் ஏற்றுக்கொண்டது. சிலருக்கு வருத்தம். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டார் கூடும் ஜெபக் குழுவில், அன்று இரவு அதைப் பற்றித்தான் பேச்சு. அந்த மனிதர் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார். அவர்மேல் சுமத்திய குற்றங்களில் அதுவும் ஒன்று. அதற்காகக் காற்றாடிமலையில் குண்டடிபட்டுச் செத்தவருக்குச் சாதிப்பட்டம் எதற்கு?


பனங்காட்டு மகள் | செவ்வாய், மாலை 5.40

எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் அசனத்தைப் பற்றி, சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்தைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் சபையில் அசனத்துக்கு முந்தின நாள் ராத்திரியே பந்தலில் பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்குவோம். பூசணிக்காய், வாழைக்காய், சேனை, முருங்கைக்காய் என்று மூட்டை மூட்டையாக வரும். அரிவாள்மணைகள் வட்டமாக இருக்கும். குடியிருப்புப் பெண்களும் வருவார்கள், அவர்களை வரவேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் உட்காருவது தண்ணீர்த்தொட்டிப் பக்கம். தேங்காய் துருவுவது, பாத்திரம் கழுவுவது அவர்கள் வேலை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சாம்பார் அண்டாவில் உப்புப் பார்க்கிறவள் எந்தச் சாதி என்பதில் ஒருநாளும் மாற்றம் வந்ததில்லை. மறுநாள் பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பந்தியைப் புகைப்படம் எடுத்து, எங்கள் சபையில் சாதி இல்லை என்று போடுவார்கள். புகைப்படத்தில் தண்ணீர்த்தொட்டி வராது.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் நான் இதைக் கேட்டேன். அவர்களுக்குப் பழக்கமான வேலை அது என்று பதில் வந்தது. இந்த வருஷம் வேலைப் பங்கீட்டைச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்கா, உங்கள் உறுதிமொழியில் ஒரு வரி இதற்கு ஒதுக்குங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யார் கைபட்ட சாம்பாரை யார் சாப்பிடலாம் என்பதில்தானே இந்த நாட்டில் எல்லாம் தொடங்கியது.


குழித்துறைக்காரன் | செவ்வாய், இரவு 9.15

ஆரல்காற்று தம்பி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சந்தா விதியை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. என் பயம் வேறு. அறிக்கை வெளியே போகும்போது நம் எல்லோர் தலையிலும் விழும் என்கிறேன். அதிலிருந்து நான் மாறவில்லை. விதியை மாற்றுங்கள், அசனத்தில் சீட்டுப் போடுங்கள், கல்வெட்டு வேண்டாம். செய்கிறதை அமைதியாகச் செய்யலாமே.


மயிலாடிக் கல் | செவ்வாய், இரவு 10.02

அமைதியாகச் செய்தவர் ஒருவர் இருந்தார் ஐயா. சார்லஸ் மீட். 1818 முதல் நாகர்கோவிலில் மிஷனைக் கட்டியெழுப்பியவர். 1852இல், மனைவியை இழந்திருந்த அவர், பறையர் சமுதாயத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டார். எந்த அறிக்கையும் விடவில்லை, கல்யாணம்தான் செய்தார். சக மிஷனரிகளே எதிர்த்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மிஷனை விட்டு விலகித் திருவிதாங்கூர் அரசின் கல்விப் பணிக்குப் போனார். அமைதியாகச் செய்கிறவரைச் சபை தனியாள் ஆக்கிவிடும். சபையாகச் சேர்ந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுச் செய்தால்தான் செய்கிறவருக்குப் பாதுகாப்பு. நாளைக்கு உங்கள் மகனோ என் பேத்தியோ மலையடிவாரத்தில் கல்யாணம் செய்துகொண்டால் அவர்கள் பக்கம் நிற்க அந்தக் காகிதம் வேண்டும்.

மீட் இங்கே இருந்த அதே காலத்தில் அதே லண்டன் மிஷன் தென் அமெரிக்காவின் டெமராராவுக்கு ஜான் ஸ்மித் என்பவரை அனுப்பியிருந்தது. கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு ஊழியம் செய்தார். 1823இல் அடிமைகள் எழுந்தபோது அவரே தூண்டினார் என்று இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. 1824இல் சிறையிலேயே இறந்துபோனார். நாகர்கோவிலும் டெமராராவும் ஒரே சங்கத்தின் இரண்டு வயல்கள். அமெரிக்கச் சபை எடுத்தது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.


ஓய்வில் ஒரு போதகர் | புதன், காலை 5.30

திருவிருந்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன்.

1857இல் தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தத் திருச்சபைக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். எல்லோரும் ஒன்றாகத் திருவிருந்தில் பங்கெடுப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையரல்லாதவருக்குத் தனியாக நடத்திக்கொள்ளலாம். அவ்வளவு மென்மையான தீர்மானம் அது. அதிலிருந்து தனி ஆராதனை வந்தது, தனி ஆலயம் வந்தது, பிறகு தனித்தனித் திருச்சபைகளே வந்தன. நாடு முழுவதையும் நிறவாரியாகப் பிரித்த அரசு அதே வேதத்தைக் காட்டி நியாயம் பேசியது. 1982இல் அப்படித் தள்ளிவைக்கப்பட்டவர்களின் தனித் திருச்சபைதான், நிறவாரியாக மக்களைப் பிரிப்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்று பெல்ஹாரில் அறிக்கை எழுதியது. 1986இல் அதைத் தன் விசுவாச அறிக்கையாகவே ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 2016இல் அதைத் தன் அறிக்கைகளோடு சேர்த்துக்கொண்டது. தள்ளிவைக்கப்பட்டவர்கள் எழுதியதைத்தான் தள்ளிவைத்தவர்களின் இனத்தார் இன்று எழுந்து நின்று வாசிக்கிறார்கள்.

வள்ளியாறு அம்மா, உங்கள் வரைவுக் குழு ஐந்து பேரில் மலையடிவாரத்திலிருந்து யாராவது உண்டா? இல்லையென்றால் எழுதுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அவர்கள் எழுதட்டும். நீங்கள் மேசை போட்டுக் கொடுங்கள், தேநீர் போட்டுக் கொடுங்கள், வாதாட வேண்டிய இடத்தில் வாதாடுங்கள். அவர்களுக்குச் செய்யும் தயவாக இதைச் சொல்லவில்லை. எந்த விதி யாரைக் குத்துகிறது என்பது குத்துப்பட்டவருக்குத்தான் தெரியும்.

சேகரம் முழுவதற்கும் வருஷத்தில் சில முறையாவது ஒரே திருவிருந்து நடக்க வேண்டும். அது மலையடிவாரத்து ஆலயத்தில் நடக்க வேண்டும். சாலையோரத்தார் ஏறிப் போகட்டும். நான் ஊழியம் செய்த ஓர் ஊரில் இப்படிச் செய்தோம். முதல் தடவை மழைக்கோட்டுக் காரணம், முழங்கால் வலிக் காரணம் எல்லாம் வந்தன. வந்தவர்களோடு நடத்தினோம்.


ஆரல்காற்று | புதன், மாலை 7.48

போதகர் ஐயா சொன்னதற்கு நன்றி. இன்னும் மூன்று காரியம் இருக்கிறது.

கல்லறை. நம் மாவட்டத்தில் தோட்டம் உள்ளவர்கள் சொந்தத் தோட்டத்திலேயே குடும்பக் கல்லறை கட்டிக்கொள்கிறார்கள். தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே பளிங்குக் கல்லறைகளைப் பார்க்காதவர் உண்டா? மூன்று சென்ட் வீட்டுக்காரனுக்குச் சபைக் கல்லறைத்தோட்டத்தை விட்டால் நாதியில்லை. அங்கே மதிலோரம் எங்களுக்கு, நடுப்பகுதி மற்றவர்களுக்கு என்று எழுதாத சட்டம் பல ஊர்களில் நடக்கிறது. தாத்தா இறந்தபோது குழிவெட்ட இடம் காட்டியவர் மதிலோரத்தைத்தான் காட்டினார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது, சவப்பெட்டியை எவ்வளவு நேரம் தோளில் வைத்திருப்பது? ஆகவே: இறந்த வரிசைப்படி அடுத்த குழி. குடும்பத்துக்கு இடம் பிடித்துவைக்கும் பழக்கம் வேண்டாம்.

கல்யாணம். யார் யாரைக் கட்ட வேண்டும் என்று சபை சட்டம் போட முடியாது. ஆனால் சபை நடத்தும் திருமணத் தகவல் மையத்தின் படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் எதற்கு? அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். கலப்புத் திருமணம் செய்கிற பிள்ளைகளுக்குத் திருமண அறிவிப்பு ஓலையை ஆராதனையில் வாசிக்கவும் ஆலயம் கொடுக்கவும் காலம் தாழ்த்தக்கூடாது. வீட்டார் சம்மதக் கடிதம் கொண்டுவா என்று கேட்கக்கூடாது.

மூன்றாவது, சான்றிதழ். குழித்துறை அண்ணாச்சி, நீங்கள் பயப்படுகிற வெளியுலகத்தில் நாங்கள் தினமும் நிற்கிறோம். 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். எங்களைச் சேர்க்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சேர்க்கச் சொல்லியும் நடக்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவ நாடாரும் அதே பட்டியலில்தான். உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே இடத்துக்குப் போட்டி. சாதியைச் சொல்லி ஒருவன் அடித்தால் வன்கொடுமைச் சட்டமும் எங்களுக்குக் கைகொடுக்காது. அதனால் எத்தனையோ பேர் காகிதத்தில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று வாழ்கிறார்கள். சிலர் பதிவேட்டுக்கே வருவதில்லை. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் எங்களையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. சேர்க்கலாமா என்று பார்க்க மத்திய அரசு 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. ஒவ்வோர் ஆகஸ்ட் 10உம் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். அந்த ஊர்வலத்தில் தலைமைச் சபைக்காரர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? உறுதிமொழியில் அது ஒரு வரியாக வேண்டும்: சபை முழுவதும் அன்று எங்களோடு நடக்கும் என்று.

வெளியே எதிரிக்குப் பிடிகொடுப்போம் என்கிறீர்கள். எதிரி கையில் அந்தப் பிடி ஏற்கெனவே இருக்கிறது. மதிலோரக் கல்லறை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் இருக்கிறது.


நாஞ்சில் நியூஜெர்சி | வியாழன், காலை 7.10

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்துக்கும் அங்கிருந்து நம் கன்னியாகுமரிக்கும் வந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப்போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அவருக்கு அதிர்ச்சி. பிறகு தம் நாட்டில் கறுப்பு மக்கள் அடைபட்டிருக்கும் நிலையை எண்ணிப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். 1965 ஜூலை 4இல் அட்லாண்டாவில் தம் சபைப் பீடத்திலிருந்து அவரே இதைச் சொன்னார். அங்கிருந்து நகல் வந்ததைப் பற்றிப் பேசுகிறோமே, அவர்கள் இங்கிருந்தும் ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வர்ஜீனியா இறையியல் கல்லூரி 2019இல் பதினேழு லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்தக் கட்டடங்களில் அடிமைகளாகவும் பிறகு அடிமாட்டுக் கூலிக்கும் உழைத்தவர்களின் சந்ததியைத் தேடிப் பிடித்து வருஷந்தோறும் கொடுக்கிறார்கள். நம் சேகரத்தில் அவ்வளவு பணம் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வருகிற தொகையில் ஒரு பங்கை மலையடிவாரத்துப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று விதியாக்கலாம். தர்மமாக வேண்டாம், விதியாக.


வள்ளியாறு | சனி, இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போதகர் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: ஐவரில் ஒருவரும் அங்கிருந்து இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் போதகரோடு மலையடிவாரத்துக்குப் போனேன். அந்த ஆலயத்தின் உபதேசியாரும் இரண்டு பெண்களும் சுயஉதவிக் குழுப் பொறுப்பிலிருக்கும் ஓர் அக்காவும் குழுவில் சேர ஒத்துக்கொண்டார்கள். பழைய வரைவை அந்த அக்கா வாசித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். "இதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?" என்று கேட்டார். புதிதாக அவர்களே தொடங்கினார்கள். முதல் வரி வேதமாணிக்கத்தின் பெயரோடு தொடங்குகிறது. மயிலாடி ஐயாவுக்கு அது மகிழ்ச்சியாக இருக்கும்.

இன்று சேகரக் குழுவில் வைத்தோம். அசன வேலையைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பதை ஏற்றுக்கொண்டார்கள். மலையடிவாரத்தில் கூட்டுத் திருவிருந்து வருஷத்துக்கு நான்கு என்று கேட்டோம், இரண்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 10 ஊர்வலம் ஏற்பு. திருமணப் படிவத்தில் சாதிக் கட்டத்தை எடுப்பதற்கு நீண்ட வாக்குவாதம். கட்டத்தை விட்டுவைத்து, நிரப்பாமல் விடலாம் என்று மாற்றினார்கள். எனக்கு இதில் திருப்தி இல்லை, அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுப்புவேன். கல்லறை விஷயத்தைப் பேராய அலுவலகத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று ஒத்திவைத்தார்கள். ஏலப் பணத்தைப் பொருளாளர் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

சந்தா பாக்கி விதியில்தான் நின்றுவிட்டோம். விதியை மாற்றினால் யாரும் சந்தாவே கட்ட மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திருவிருந்தில் பங்கெடுத்தவர் எல்லோருக்கும் வாக்கு, சந்தா அவரவர் வருமானத்துக்கு ஏற்றபடி என்பது எங்கள் திருத்தம். இது நிறைவேறாமல் மற்றது எதையும் ஆராதனையில் வாசிக்க விடமாட்டோம் என்று மலையடிவாரத்து அக்கா கூட்டத்திலேயே எழுந்து சொல்லிவிட்டார். நானும் அவரோடு நின்றேன்.

குழித்துறை அண்ணன், கல்வெட்டை இப்போதைக்கு விட்டுவிட்டோம்; அது உங்களுக்காக இல்லை, அதற்கான பணத்தைக் கல்லூரிக் கட்டணத்தில் போடலாம் என்று அவர்களே சொன்னதால்.

சேகரப் பொதுக்கூட்டத்தில் விதியைத் திருத்த எத்தனை பங்கு ஆதரவு வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று விதிப்புத்தகம் கையில் உள்ளவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பண்டிகைக்கு முன் கூட்டத்தை நடத்திவிட வேண்டும்.


ஓய்வில் ஒரு போதகர் | சனி, இரவு 10.20

விதிப்புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது அம்மா. நாளை ஆராதனை முடிந்து வந்ததும் பார்த்து, பக்க எண்ணோடு எழுதுகிறேன். அதற்குள் மலையடிவாரத்தில் யார் யாருக்குப் பாக்கி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் ஒட்டுவதற்கு முன் சந்தாவைக் கட்டிவிட்டால் இந்தத் தேர்தலிலேயே அவர்கள் வாக்களிக்கலாம். என் பங்குக்குச் சில வீடுகளை நான் ஏற்றுக்கொள்கிறேன். விதி மாறும்வரை இது நடக்கட்டும்.


குழித்துறைக்காரன் | சனி, இரவு 10.41

இரண்டு வீடு என் கணக்கில் எழுதுங்கள். அறிக்கையைப் பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. வாக்கு வேறு விஷயம்.